ஜெய்த்தூனின் மேலண்ணம்

என் மகள் ரிஃப்காவின் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தே தீரவேண்டும் என்று நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன். பினாங்கில் இருக்கும் என் அக்காவால் வர முடியவில்லை. கேசட்டை அனுப்பி வைத்தால் அவள் போட்டுப் பார்ப்பாள். பார்த்துவிட்டுச் சும்மா இருக்கமாட்டாள் என்பதுதான் பிரச்சினை. மாப்பிள்ளையின் கோட்டிலிருந்து பிரியாணி அண்டா வரைக்கும் குறை கண்டுபிடித்து அடுத்த வாரமே போன் பண்ணுவாள். அதிலும் என் மனைவி ஜெய்த்தூன் சிரித்தால் அந்தச் சிவந்த பல் முழுசாகத் தெரியும். சாப்பாடு ஆனால் வெற்றிலை, காபி ஆனால் வெற்றிலை, யாராவது வந்தால் வெற்றிலை, போனால் வெற்றிலை என்று வாழ்கிறவள் அவள்.

"கும்பகோணம் போயி பல்லைச் சுத்தம் பண்ணிக்கிட்டு வந்துடுவோம்" என்றேன். துபாயிலிருந்து லீவில் வந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது.

"பொண்ணுக்குக் கல்யாணமா, எனக்கா? இத்தினி வருஷமா போன்ல பேசுறப்ப இந்தப் பல்லு உறுத்தலையாக்கும்."

"போன்ல பல்லு தெரியாதுல்ல."

"அப்ப போன்லயே இருந்துக்க வேண்டியதுதானே? எதுக்கு வந்தீங்க?"

இப்படித்தான் பேசுவாள். வாயாடி என்று எங்கள் ஊர் அய்யம்பேட்டையில் அவளுக்கு நல்ல பெயர் உண்டு. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ரிஃப்கா தவழ்ந்துகொண்டிருந்தபோது துபாய்க்குப் போனவன் நான். முதலில் ஜெய்த்தூன் தன் பேச்சைக் கேசட்டில் பதிந்து அனுப்புவாள். பிறகு கடைத்தெரு ஐ.எஸ்.டி. பூத்தில் வந்து காத்திருப்பாள். அப்புறம் நரசிம்மராவ் காலத்தில் எல்லோர் வீட்டுக்கும் போன் வந்தபோது எங்கள் வீட்டுக்கும் வந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நான் கூப்பிட்டால் ஆற்றில் தண்ணீர் வந்தது முதல் அடுத்த வீட்டு ஆடு குட்டி போட்டது வரை மூச்சுவிடாமல் சொல்வாள். நான் கட்டிக்கொண்டது அவளை. குடும்பம் நடத்தியது அவள் குரலோடு.

கும்பகோணத்தில் பல் டாக்டர் பிரகதாம்பாளிடம் போனோம். மெட்ராஸில் மேல்படிப்பு படித்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்தவர். செயற்கைப் பல் கட்டுவதில் பெயர் வாங்கியவர். சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டே ஜெய்த்தூனின் பல்லை ஒவ்வொன்றாகத் தேய்த்தார். சிவப்பு போய், மஞ்சள் போய், கடைசியில் எனக்கே அடையாளம் தெரியாத வெள்ளைப் பல் வந்தது. நான் உள்ளுக்குள் அக்காவை ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் இருந்தேன். அப்போது டாக்டர் பேச்சை நிறுத்தினார். விளக்கை இழுத்து இன்னும் கீழே வைத்துக்கொண்டு, கண்ணாடியை வாய்க்குள் விட்டு மேலே பார்த்தார்.

"மேலண்ணத்துல இந்தக் கறுப்பு எவ்வளவு நாளா இருக்கும்மா?"

"அது வெத்தலையோட போடுற காசுக்கட்டிக் கறை டாக்டர். போன நோம்புக்கே இருந்துச்சு. எலுமிச்சங்காய் வச்சுத் தேச்சேன், உப்பு வச்சுத் தேச்சேன், போவல."

டாக்டர் பஞ்சை நனைத்துத் துடைத்தார். மறுபடி துடைத்துப் பஞ்சைத் திருப்பிப் பார்த்தார். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

"கறை பல்லுல பிடிக்கும். சதையில இப்படி ஒரு பக்கமா மட்டும், ஓரம் கிழிஞ்ச மாதிரி பிடிக்காது. இது கறை இல்லம்மா. தஞ்சாவூர்ல ஒரு துளி சதை எடுத்துப் பாக்கணும்."

எனக்கு எரிச்சல் வந்தது. பல் சுத்தம் பண்ண வந்தவளிடம் சதை எடுக்கவேண்டும் என்றால் வராதா? டவுன் பஸ்ஸில் திரும்பும்போது, டாக்டர்கள் இப்போதெல்லாம் வியாபாரிகள் ஆகிவிட்டார்கள் என்று ஜெய்த்தூனிடம் உரக்கச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வலி ஒன்றும் இல்லை. வலித்திருந்தால் எப்போதோ காட்டியிருப்பாள்.

தஞ்சாவூரில் டாக்டர் ஜெக்கரியா சதை எடுத்து அனுப்பினார். புற்றுநோய் அறுவை சிகிச்சையிலேயே தலை நரைத்தவர். முடிவு வந்த அன்று எங்களை உட்காரவைத்து, மெலனோமா என்று ஒரு பெயரைச் சொன்னார்.

"புத்துநோய்தான். ஆனா வழக்கமா நான் பாக்கிறது இல்ல. வாய்க்குள்ள இது வந்து நான் பாத்ததை விரல் விட்டு எண்ணிடலாம்."

"வெத்தலையால வந்ததுங்களா?" என்று கேட்டாள் ஜெய்த்தூன்.

"வெத்தலை, புகையிலையால வர்ற புத்து வேறம்மா, அது இங்க தெனம் வருது. இதுக்கும் வெத்தலைக்கும் சம்பந்தம் இருக்கறதாத் தெரியல. நம்ம தோலுக்கு நெறம் குடுக்கிற அணு வாய்க்குள்ளயும் கொஞ்சம் இருக்கும். சாகுற வரைக்கும் சும்மாவே கெடக்கும். அபூர்வமா யாருக்காவது அது கெளம்பிடும். கெளம்பிட்டா ரொம்ப வேகம். வெத்தலை செஞ்சது ஒண்ணே ஒண்ணுதான், இதை யாருக்கும் தெரியாம மறைச்சு வச்சிடுச்சு."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. லேபில் மாற்றி வைத்திருப்பார்கள், இன்னொருத்தருடையதாக இருக்கும் என்று குரலை உயர்த்தினேன். ஜெக்கரியா கோபப்படவில்லை. "வாங்க, நீங்களே பாருங்க" என்று எழுந்து என்னை மாடிக்கு அழைத்துப்போனார். அங்கே மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் இருந்த டாக்டரம்மா நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

என் வாழ்க்கையில் அதற்கு முன் நான் அந்தக் கருவியில் கண் வைத்ததில்லை. முதலில் என் இமை முடிதான் தெரிந்தது. பிறகு ரோஜா நிறத்தில் ஒரு தரை விரிந்தது. அது ஜெய்த்தூனின் மேலண்ணம். என் மனைவியை நான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததே இல்லை. அந்த ரோஜாத் தரையில் காபித்தூளை இறைத்ததுபோலப் பழுப்புத் துகள்கள் கூட்டம் கூட்டமாகக் கிடந்தன. ஒவ்வொரு கூட்டமும் கரையைத் தாண்டிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பார்க்க அழகாக இருந்தது. அழகாக இருந்ததுதான் எனக்குப் பயமாகப் போய்விட்டது. வருடக்கணக்காகப் பாலைவன வெயிலில் காய்ந்தவன் நான். நிறம் கொடுக்கிற அணுவில் வரும் நோயோ வெயில் எட்டியே பார்க்காத அவள் வாய்க்குள் போய் உட்கார்ந்திருந்தது. படைத்தவன் இத்தனை நுணுக்கமாக ஒன்றைப் படைத்திருக்கிறானே என்று மலைத்து நின்றேன். அதற்குமேல் லேபின்மீது பழி போட எனக்கு வாய் வரவில்லை.

கீழே வந்ததும் ஜெக்கரியா ஜெய்த்தூனிடம் சிகிச்சையைப் பற்றிச் சொன்னார். கழுத்தில் கட்டி எதுவும் இல்லை, இன்னும் பரவவில்லை, அது அதிர்ஷ்டம். மேலண்ணத்தில் பாதியை எலும்போடும் பல்லோடும் எடுத்துவிடவேண்டும். கொஞ்சம் எடுத்துப் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இந்த நோயில் இடமில்லை.

"எடுத்துட்டா நான் பேச முடியுமா?" என்றாள்.

ஜெக்கரியா பொய் சொல்லவில்லை. "வாய்க்கும் மூக்குக்கும் நடுவுல தடுப்பு போயிடும். பேச்சு மூக்கு வழியாப் போகும். கேக்கிறவங்களுக்குப் புரியாது. தண்ணி குடிச்சாலும் மூக்குல வரும். அதுக்கப்புறம் பிளேட் ஒண்ணு செஞ்சு மாட்டிக்கலாம், பேச்சு வந்துடும்."

"பிளேட்டு பேசுமா?" என்றாள் அவள். யாரும் பதில் சொல்வதற்கு முன்னால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் முடிவைச் சொன்னாள். ஆப்பரேஷன் வேண்டாம். ரிஃப்கா அழுதாள். நான் கத்தினேன், கெஞ்சினேன், மறுபடி கத்தினேன்.

"என்னங்க, நான் இருக்கிற வரைக்கும் பேசிட்டுப் போயிடுறேன். நீங்க அங்க இருக்கீங்க, நான் இங்க இருக்கேன். பேச்சும் இல்லன்னா நமக்குள்ள வேற என்ன இருக்கு?"

இதுதான் உண்மை. அவள் உயிரா, அவள் பேச்சா என்று கேட்டால் உயிர்தான் என்று நான் அலறுவேன். ஆனால் எனக்குத் தெரிந்த ஜெய்த்தூன் என்பதே அந்தப் பேச்சுதான்.

பிரகதாம்பாளிடம் ஓடினேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "செவ்வாக்கிழமை அவங்களை சும்மா கூட்டிக்கிட்டு வாங்க. ஆப்பரேஷன் பத்தி ஒண்ணும் பேசாதீங்க" என்றார். கல்யாணத்துக்கு முன் பல்லை இன்னொரு தடவை காட்டவேண்டும் என்று சொல்லி அழைத்துப்போனேன்.

வரவேற்பறை பெஞ்சில் திருவையாற்றுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெயர் பஞ்சநதம். நெல் விவசாயி. நாங்கள் உட்கார்ந்ததுதான் தாமதம், மேட்டூர் திறக்காததில் ஆரம்பித்து, குறுவை போனது, போர்வெல் போட்டவன் ஏமாற்றியது, கர்நாடகத்துக்காரன், மருமகன் சிங்கப்பூரில் வாங்கிய டி.வி. என்று இறைத்துக்கொண்டே போனார். ஜெய்த்தூனாலேயே இடையில் நுழைய முடியவில்லை. அவளுக்கு அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

பிரகதாம்பாள் வெளியே வந்தார். "பஞ்சநதம், இவங்களுக்குக் கொஞ்சம் காட்டுறீங்களா?"

"அதுக்குத்தானேம்மா வரச் சொன்னீங்க" என்றார் அவர். வாய்க்குள் இரண்டு விரலை விட்டு அசைத்து எதையோ வெளியே எடுத்தார். ரோஸ் நிறத் தட்டு. கீழ்ப்பக்கம் ஒரு வரிசைப் பல், மேல்பக்கம் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு புடைப்பு. அதைத் துண்டில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்து என்னவோ பேசினார். காற்றும் மூக்கும் மட்டும் பேசின. ஒரு சொல்கூட எனக்குப் பிடிபடவில்லை. டம்ளரில் தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்தார். அது மூக்கு வழியாக வழிந்தது. கொஞ்சமும் கூச்சப்படாமல் துடைத்துக்கொண்டு தட்டை மறுபடி உள்ளே வைத்து அழுத்தினார்.

"இப்ப சொல்லுங்க தங்கச்சி, எந்தப் பஞ்சநதம் ஒங்களுக்கு வேணும்?" என்றது பழைய குரல். "எனக்குப் புகையிலையால வந்தது. எடுத்து வருஷம் ஆவுது. பொண்டாட்டிதான் பாவம், அந்தக் கொஞ்ச நாள் அமைதியா இருந்தா, இப்ப அதுவும் போச்சு."

பேச்சு என்பது மனிதனுக்குள் எங்கோ ஆழத்திலிருந்து வருவது என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே ஒருவர் அதைக் கழற்றித் துண்டில் வைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொள்கிறார்.

ஜெய்த்தூன் எழுந்து அவர் முன்னால் போய் நின்றாள். "அண்ணே, ஒரே ஒரு தடவை அதைக் கழட்டிட்டு வாயைத் தொறந்து காட்டுறீங்களா?" என்றாள். டாக்டர் டார்ச்சைக் கொடுத்தார். அவள் குனிந்து நெடுநேரம் உள்ளே பார்த்தாள். நான் எட்டிப் பார்க்கத் துணியவில்லை. டார்ச்சை அணைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அவ்வளவு பெரிய ஓட்டையை வச்சுக்கிட்டு இந்த மனுஷன் என்னைப் பேசவிடலங்க. ஆப்பரேஷனுக்கு நாள் குறிக்கச் சொல்லுங்க."

நிக்காஹை முன்னுக்குக் கொண்டுவந்தோம். மாப்பிள்ளை வீட்டார் மறுபேச்சு பேசவில்லை. அன்று ஜெய்த்தூன் காலையிலிருந்து சாயங்காலம் வரை வந்தவர்கள் போனவர்கள் ஒருத்தரையும் விடாமல் பேசினாள். வீடியோக்காரர் அவள் பக்கம் திரும்பும்போதெல்லாம் அவள் வாய் திறந்தேதான் இருந்தது. அக்கா கேசட்டைப் பார்த்துவிட்டுப் பல்லைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அழுதாள்.

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. வாய் வழியாகவே எடுத்துவிட்டார்கள். முகத்தில் வெளியே ஒரு கீறல் இல்லை. எடுத்த சதையின் ஓரத்தில் நோய் இல்லை என்று லேபிலிருந்தும் சொன்னார்கள். உள்ளே அடைத்து வைத்திருந்த துணியை எடுத்த அன்று அவள் என்னைப் பார்த்து முதன்முதலாக ஏதோ சொன்னாள். ஜெக்கரியா முன்னாலேயே சொன்னதுதான், பஞ்சநதத்திடம் கேட்டதுதான். இருந்தாலும் அவள் வாயிலிருந்து அது வந்தபோது எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தலையணை கேட்கிறாள் என்று தலையணையைக் கொடுத்தேன். தள்ளிவிட்டாள். தண்ணீர் கொண்டுவந்தேன். அதையும் தள்ளினாள். பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட்டேன். ஜெய்த்தூன் கையால் படுக்கையை அடித்து, கண்ணில் நீர் வர, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு பேச முயலவே இல்லை. வீட்டுக்கு வந்தபிறகும் இல்லை. அந்த வீட்டில் அவ்வளவு அமைதி இருக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் யாரையோ அடக்கம் செய்துவிட்டு வந்தவன்போல நடமாடினேன்.

புண் ஆறியதும் கும்பகோணத்துக்குப் போக ஆரம்பித்தோம். பிரகதாம்பாள் மெழுகை இளக்கி அந்தப் பள்ளத்தை அச்செடுத்தார். ஒரு நாள் தட்டு தயாராகிவிட்டது என்று உட்காரவைத்தார். தட்டின் மேல் புடைப்பில் மெழுகு பூசி உள்ளே பொருத்தினார்.

"பப்பாளி சொல்லுங்க."

"மம்மாளி" என்றாள் ஜெய்த்தூன். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் அசரவில்லை. தட்டை வெளியே எடுத்து, ஓரத்தில் துளி மெழுகு சேர்த்து, சுடவைத்து, மறுபடி பொருத்தினார். "தலையை இந்தப் பக்கம் திருப்புங்க. முழுங்குங்க. இப்ப சொல்லுங்க."

"மப்பாளி."

கொஞ்சம் சுரண்டினார். இன்னும் கொஞ்சம் வைத்தார். உதட்டில் வெடிக்க வேண்டிய காற்று மூக்கில் எங்கே ஒழுகுகிறது என்று தேடி, நகக்கண் அளவு மெழுகால் அந்த அம்மாள் அடைத்துக்கொண்டிருந்தார். வயலில் எலி வளையிலிருந்து தண்ணீர் கசிகிற இடத்தைச் சேறு வைத்து மூடுவது போலத்தான். ஆனால் அடைபட அடைபட எழுந்து வந்தது என் மனைவி.

"பப்பாளி" என்றாள்.

அவளே திடுக்கிட்டுவிட்டாள். என்னைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள். "பப்பாளி. பட்டாணி. பாபநாசம்" என்று தானாகவே அடுக்கிக்கொண்டே போனாள். கொஞ்சம் புதுசாக இருந்தது, ஆனால் அவள் குரல்தான். அல்லாஹ் என்று மட்டும்தான் எனக்கு வந்தது.

"டாக்டர்" என்றாள் ஜெய்த்தூன். "ஆஸ்பத்திரியில ஃபேனைக் கொறைங்கன்னு சொல்றேன், இந்த மனுஷன் நர்ஸைக் கூப்பிடுறாரு."

அதன்பிறகு திருச்சியில் கரண்ட் வைத்தார்கள், கதிர்வீச்சைத்தான் ஊரில் அப்படிச் சொல்வார்கள். வாய் வெந்துபோய்ச் சோறு இறங்காமல் கஷ்டப்பட்டாள், அதுவும் தேறியது. பேச்சும் பழையபடி ஓட ஆரம்பித்தது. ஒன்றே ஒன்றுதான் மாறவில்லை. தட்டைக் கழற்ற வேண்டியபோதெல்லாம் கொல்லைப்புறக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வாள். படுக்கும்போது கழற்றி வைத்துவிட்டால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். என்ன கேட்டாலும் தலையசைப்புத்தான். தட்டு இல்லாத அந்தக் குரலை ஆஸ்பத்திரியில் நான் புரிந்துகொள்ளாமல் போன அன்றோடு அவள் அதைப் பூட்டிவிட்டாள். எனக்கும் அதைத் திறந்துவிடச் சொல்லத் தைரியம் வரவில்லை.

துபாய் முதலாளி நீட்டிக் கொடுத்த லீவும் முடிந்தது. கிளம்புவதற்கு முன் ஜெக்கரியாவைப் பார்த்தேன். "இதை நம்ப முடியாது. திரும்ப வந்தா கழுத்துல வரலாம், நெஞ்சுல வரலாம். சொல்ற நாளுல தவறாம வந்து காட்டிக்கிட்டே இருக்கணும். முதல் பரிசோதனைதான் முக்கியம்" என்றார். அந்தப் பரிசோதனைக்கு நான் ஊரில் இல்லை.

அவள் தஞ்சாவூருக்குப் போனது வியாழக்கிழமை. இரவு ஊருக்கு லைனே கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் என்ன ஓதினேன் என்று எனக்கே தெரியாது. பள்ளிவாசலை விட்டு வெளியே வந்ததும் பூத்துக்கு ஓடினேன். நம்பரைத் தப்பாக அழுத்தி மறுபடி அழுத்தினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்ததும் மூச்சு இரைப்பது கேட்டது.

"ஒண்ணுமில்லையாங்க!" என்றாள் ஜெய்த்தூன். "வாய், கழுத்து, நெஞ்சு எல்லாம் சுத்தமா இருக்காம். ஒரு பொட்டுக்கூட இல்லையாம். டாக்டரே எந்திரிச்சு நின்னு சொன்னாரு. ராத்திரியெல்லாம் போனு பக்கத்துலயே உக்காந்திருந்தேன், ஏன் கூப்பிடல?"

நான் ரிஸீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதேன். பின்னால் வரிசையில் நின்ற மலையாளி என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

"ஏங்க அழுவுறீங்க? ஆம்பள இப்படியா அழுவாங்க ரோட்டுல நின்னுகிட்டு? சாப்பிட்டீங்களா முதல்ல? இங்க ஆத்துல தண்ணி வந்துடுச்சு. ரிஃப்கா வந்திருக்கா, முழுகாம இருக்கா, அதை அவதான் சொல்லணும்னா, நான் சொல்லிட்டேன், சொன்னேன்னு சொல்லாதீங்க."

அழுகையும் சிரிப்புமாக எல்லாவற்றுக்கும் ம் கொட்டினேன். அந்தப் பக்கம் ஏதோ இழுபறி கேட்டது. ரிஃப்கா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அத்தா, அம்மா பிளேட்டைக் கழுவி டம்ளர்ல போட்டிருந்தாங்க. மணி அடிச்சதும் அதை மாட்டாமயே ஓடியாந்து எடுத்துட்டாங்க. பக்கத்துல நிக்கிற எனக்கே பாதி புரியல. ஒங்களுக்கு என்ன புரிஞ்சுதுன்னு நீங்க அழுவுறீங்க?"

எனக்கு அப்போதுதான் தெரிந்தது. காதை ரிஸீவரில் இன்னும் அழுத்திக்கொண்டேன். அங்கே ஜெய்த்தூனின் சத்தம் நின்றுபோயிருந்தது.

"எல்லாம் புரிஞ்சுதும்மா" என்றேன். "போனை அம்மாகிட்ட குடு. பிளேட்டை அப்புறம் மாட்டிக்கலாம்னு சொல்லு."